எழுத்துரு மாறினால் அளவும் மாறும்: பிடிஎஃப் வரைபடத் திருத்தத்தில் தீராத ஒரு கேள்வி

ஒரு கணினியில் வரைந்த வரைபடம் பிடிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்யப்படுகிறது. பெறுபவர் அதை வெறுமனே பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. சிறு திருத்தம் செய்ய எண்ணி இல்லஸ்ட்ரேட்டரிலோ இன்க்ஸ்கேப்பிலோ கோரல்டிராவிலோ திறந்தால், எழுத்துகள் வேறு உருவில் வந்து நிற்கின்றன. அச்சுக்கோட்டின் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, கிரேக்கக் குறிகள் ஆங்கில எழுத்துகளாகின்றன, தமிழ்ச் சொற்களில் கொம்பு தனியே பிரிந்து நிற்கிறது. இந்தப் பிழைக்குப் பொறுப்பு யாருடையது? கோப்பை உருவாக்கியவரா, திறக்கும் மென்பொருளா, கோப்பு வடிவமேவா? பிடிஎஃப் வெளிவந்து முப்பது ஆண்டுகள் கடந்த பிறகும் இதற்கு ஒரே விடை இல்லை. அச்சகத்தார் ஒன்று சொல்கிறார்கள், ஆய்விதழ்கள் அதற்கு நேர்மாறாகச் சொல்கின்றன, ஆவணக் காப்பாளர்களின் விதி இரண்டிலும் சேராதது. அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

ஈடுகட்டும் எழுத்துரு எங்கிருந்து வந்தது

அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991-இல் 'கேமலாட்' என்ற பெயரில் ஒரு திட்டக் குறிப்பை எழுதினார். எந்தக் கணினியில் உருவான ஆவணமும் வேறு எந்தக் கணினியிலும் அதே தோற்றத்தில் தெரியவேண்டும் என்பது அதன் நோக்கம். 1993-இல் அக்ரோபேட்டுடன் பிடிஎஃப் வெளிவந்தது. தோற்றம் மாறாமல் இருப்பதற்குப் பெரிய தடை எழுத்துருதான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. ஒவ்வோர் ஆவணத்திலும் எழுத்துருவை உட்பொதித்தால் கோப்பு பெருக்கும். நெகிழ்வட்டுகளும் தொலைபேசி மோடங்களும் ஆண்ட காலத்தில் அது சிறிய சுமை அல்ல.

எனவே இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஹெல்வெட்டிகா, டைம்ஸ், கூரியர் ஆகியவற்றின் நான்கு நான்கு வடிவங்கள், சிம்பல், ஜாஃப் டிங்பேட்ஸ் என 14 எழுத்துருக்கள் எல்லாக் கணினியிலும் கிடைக்கும் என்று கொள்ளப்பட்டது. இவற்றை உட்பொதிக்கத் தேவையில்லை. இரண்டாவது ஏற்பாடு மேலும் நுட்பமானது. உட்பொதிக்கப்படாத வேறு எழுத்துரு வந்தால், அதன் அகலப் பட்டியல், சாய்வுக் கோணம், தண்டின் தடிமன், நுனிக்கோடு உண்டா இல்லையா போன்ற குறிப்புகளைக் கோப்பிலிருந்து படித்து, அடோபி சான்ஸ், அடோபி செரிஃப் என்ற இரண்டு 'மல்ட்டிபிள் மாஸ்டர்' எழுத்துருக்களை அக்ரோபேட் நீட்டியும் சுருக்கியும் அந்த இடத்தில் பொருத்தியது. எழுத்தின் முகம் மாறினாலும் வரியின் நீளம் மாறாது.

அந்தக் காலத்துக்கு இது கெட்டிக்காரத்தனமான தீர்வு என்பதை மறுக்க முடியாது. ஆனால் இதற்குள் இரண்டு அனுமானங்கள் இருந்தன. வாசகர் கோப்பைப் பார்க்க மட்டுமே செய்வார் என்பது முதலாவது. எழுத்துகள் இலத்தீன் நெடுங்கணக்கைச் சேர்ந்தவை என்பது மற்றொன்று. வரைபடத் திருத்தத்தில் எழும் சிக்கல்களில் பெரும்பகுதியை இந்த இரண்டில் ஒன்று தவறிய இடத்தில் காணலாம்.

அளவொத்த மாற்றுகள்

மாற்றீடு தவிர்க்க முடியாதது, அதைச் செம்மையாகச் செய்தால் போதும் என்ற நிலைப்பாட்டின் வழிவந்தவையே அளவொத்த எழுத்துருக்கள். மோனோடைப் நிறுவனத்தில் 1982-இல் உருவான ஏரியலின் எழுத்தகலங்கள் ஹெல்வெட்டிகாவுடன் பொருந்துபவை. யூஆர்டபிள்யூ நிறுவனத்தின் நிம்பஸ் முதலிய எழுத்துருக்கள், போஸ்ட்ஸ்கிரிப்ட் அச்சுப்பொறிகளின் 35 அடிப்படை எழுத்துருக்களுக்கு ஈடாகக் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளுடன் கட்டற்ற முறையில் பரவின. ரெட் ஹேட் 2007-இல் வெளியிட்ட லிபரேஷன் எழுத்துருக்கள் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன், கூரியர் நியூ ஆகியவற்றின் அகலத்தைப் பின்பற்றின. கலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்பிரியாவுக்குக் கலடியா என்று இந்த வரிசை நீண்டது.

உரைப் பக்கங்களுக்கு இம்முறை நன்றாகவே உதவியிருக்கிறது. வரைபடத்துக்கு அது போதுமா என்பது ஐயத்துக்குரியது. மாற்றீட்டில் பிழை நேர்ந்தால் உரையில் வாக்கியச் சூழல் வாசகரைக் காப்பாற்றும். வரைபடத்தில் 'மி.மீ.' என்பதுபோல் தனித்து நிற்கும் இரண்டெழுத்துக்கு அப்படி எந்தத் துணையும் இல்லை. தவிர, அளவொத்த இணைகள் புகழ்பெற்ற சில இலத்தீன் எழுத்துருக்களுக்கே அமைந்துள்ளன. தமிழ் எழுத்துருக்களிடையே அப்படியொரு மரபு உருவாகவில்லை.

குறிகள் தடம் புரளும்போது

மாற்றீடு அழகியல் சிக்கல் மட்டுமே என்று கருதுவோர் பார்க்கவேண்டிய இடம் சிம்பல் எழுத்துரு. இதில் கிரேக்க எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களிலேயே அமர்ந்திருக்கின்றன. சிறிய 'ஏ' இருக்கும் இடத்தில் ஆல்ஃபா, 'பி' இருக்கும் இடத்தில் பீட்டா, 'எம்' இருக்கும் இடத்தில் மியூ. திருத்தும் மென்பொருள் சிம்பலைக் கண்டுபிடிக்காமல், குறியெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரண எழுத்துரு ஒன்றைப் பொருத்தினால் மியூ என்பது 'எம்' ஆகிவிடும். மைக்ரோமீட்டர் மில்லிமீட்டராகிறது, மைக்ரோகிராம் மில்லிகிராமாகிறது. ஆயிரம் மடங்கு வேறுபாடு. படம் கோணலாகத் தெரியாது, எழுத்து உடைந்து கிடக்காது. மிகத் துப்புரவாக, தவறாக இருக்கும்.

கணிதக் குறிகளும் அப்படியே. 'சிறியது அல்லது சமம்' என்ற குறி சிம்பலில் 163ஆம் இடத்தில் உள்ளது. வழக்கமான இலத்தீன் குறியேற்றத்தில் அந்த இடம் பவுண்டு நாணயக் குறிக்கு உரியது. 'பெரியது அல்லது சமம்' 179ஆம் இடம். அங்கே இலத்தீன் வரிசையில் மேலெழுத்தாக ஒரு சிறிய மூன்று இருக்கிறது. பெருக்கல் குறியின் இடத்தில் வெறும் அழுத்தக்குறி நிற்கும். பவுண்டு குறியைக் கண்டால் மெய்ப்புப் பார்ப்பவர் திடுக்கிட்டு நிறுத்துவார். எண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மூன்று நிற்பதைக் கவனிக்காமல் கடந்துவிடுவது எளிது.

புள்ளியியல் மொழியான ஆர் இதற்குப் பலரறிந்த எடுத்துக்காட்டு. அதன் பிடிஎஃப் ஏற்றுமதி, வழக்கமாக, அந்த 14 எழுத்துருக்களை நம்பி அவற்றை உட்பொதிக்காமலே விட்டுவந்தது. கணிதக் கோவைகளின் கிரேக்க எழுத்துக்குச் சிம்பலைப் பயன்படுத்தியது. இன்னும் ஒரு படி மேலே சென்று, சிதறல் வரைபடத்தின் சிறு வட்டப் புள்ளிகளையே ஜாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவின் ஓர் எழுத்தாக நெடுங்காலம் எழுதிவந்தது. கோப்பு சிறிதாகும், வட்டமும் நேர்த்தியாக வரும் என்பதே காரணம். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால், தரவுப் புள்ளிகள் நிற்கவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகள் இறைந்து கிடக்கும். இந்த வசதியை நிறுத்திவைக்க ஒரு தெரிவு தரப்பட்டது, பின்னர் நிறுத்திவைப்பதே இயல்புநிலையாக மாற்றப்பட்டது. உட்பொதிக்காமல் விடும் சலுகையைக் கைவிடும்படி பிற்காலப் பிடிஎஃப் விவரக்குறிப்புகளும் வலியுறுத்தின. ஆனால் முன்பு உருவான கோப்புகள் பழைய அனுமானத்தைச் சுமந்துகொண்டே இன்றும் புழக்கத்தில் உள்ளன.

உட்பொதித்தால் போதும் என்ற நம்பிக்கை

இதற்கு மாற்றாக எழுந்தது 'எல்லாவற்றையும் உட்பொதி' என்ற நிலைப்பாடு. 2001-இல் வந்த அச்சுக்கான பிடிஎஃப்-எக்ஸ் தரமும் 2005-இல் வந்த நீண்டகாலப் பாதுகாப்புக்கான பிடிஎஃப்-ஏ தரமும் எழுத்துருவை உட்பொதிப்பதைக் கட்டாயமாக்கின. பார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் இது சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது என்றே சொல்லவேண்டும்.

திருத்துவதற்குத் தீர்க்கவில்லை. இந்த வேறுபாடு பரவலாக உணரப்படாததே குழப்பத்தின் மையம் என்று கருத இடமிருக்கிறது. ஏற்றுமதியின்போது பெரும்பாலும் முழு எழுத்துருவும் உள்ளே செல்வதில்லை. படத்தில் பயன்பட்ட எழுத்துகள் மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு, பெயருக்கு முன்னால் ஆறு பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் ஒட்டப்பட்டு உள்ளே வைக்கப்படுகின்றன. '2021' என்று மட்டும் உள்ள படத்தில் இரண்டு, பூஜ்யம், ஒன்று ஆகிய மூன்று வடிவங்களே இருக்கும். அதை '2023' என்று திருத்த நினைப்பவருக்கு மூன்று என்ற எண்ணின் உருவம் கோப்பில் எங்குமே கிடையாது. ஆகவே திருத்தும் மென்பொருள் தன் கணினியில் நிறுவப்பட்டுள்ள எழுத்துருக்களில் அதே பெயரைத் தேடுகிறது. இல்லையென்றால் 'எழுத்துரு காணவில்லை' என்கிறது, அல்லது ஒன்றும் சொல்லாமல் வேறொன்றைப் பொருத்துகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் ஒரு பிடிஎஃப்பைப் படமாக இணைத்தால் சரியாகத் தெரிவதும், அதே கோப்பை நேரடியாகத் திறந்தால் எச்சரிக்கை வருவதும் இதனால்தான்.

அதே பெயரில் எழுத்துரு கிடைத்துவிட்டாலும் ஆபத்து நீங்குவதில்லை. இன்றைய கோப்புகள் பலவற்றில் எழுத்துக்குப் பதிலாக, எழுத்துருவுக்குள் அந்த உருவம் இருக்கும் வரிசை எண்ணே பதிவாகிறது. எழுத்துருவின் இன்னொரு பதிப்பில் வரிசை மாறியிருந்தால் அதே எண் வேறு உருவத்தைக் காட்டும். உருவ எண்ணிலிருந்து யூனிகோட் எழுத்துக்குத் திரும்ப வழிகாட்டும் அட்டவணை ஒன்றைக் கோப்பில் சேர்க்கமுடியும். ஆனால் எல்லா ஏற்றுமதி நிரல்களும் அதைச் சேர்ப்பதில்லை, சேர்ப்பவையும் எப்போதும் சரியாகச் சேர்ப்பதில்லை.

எழுத்துருவின் வகையும் இதில் பங்கு வகிக்கிறது. பைத்தானின் மேட்பிளாட்லிப் நூலகம் இயல்பாகவே 'டைப் 3' வகையில் எழுதுகிறது. அதில் ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு வரைதல் கட்டளைத் தொகுப்பு. திருத்தும் மென்பொருள் அதை வழக்கமான எழுத்துருவாகக் கையாள முடியாமல் திணறுகிறது. ஒரே ஓர் அமைப்பை 42 என்று மாற்றினால் ட்ரூடைப் எழுத்துருவாக உட்பொதிக்கப்பட்டு, எழுத்து திருத்தக்கூடியதாகிறது. இதற்கிடையே அடோபி 2023 தொடக்கத்தில் தன் வடிவமைப்பு மென்பொருள்களில் 'டைப் 1' எழுத்துருக்களுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. உள்ளே டைப் 1 உட்பொதிந்த பழைய பிடிஎஃப்கள் பார்க்கவும் அச்சிடவும் கிடைக்கும். திருத்தத் திறந்தால் மட்டும் எழுத்துரு காணவில்லை என்ற செய்தி வரும். பல்லாண்டு ஆய்வுப் படங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை.

உரிமம் பற்றிய வாதம் இங்கே சுருக்கமாகப் போதும். எழுத்துருக் கோப்பினுள் உட்பொதிப்பு அனுமதியைக் குறிக்கும் ஒரு புலம் உண்டு. தடை, பார்க்கவும் அச்சிடவும் மட்டும், திருத்தலாம், நிறுவிக்கொள்ளலாம் என அதற்குப் படிநிலைகள் உள்ளன. எழுத்துருவைக் கோப்புடன் தனியே அனுப்புவது பல உரிமங்களுக்கு முரணானது. கட்டற்ற எழுத்துருக்களில் மட்டுமே இத்தடை பெரும்பாலும் இல்லை.

'கர்வ் போட்டு அனுப்புங்க'

அச்சகங்களின் விடை எளிமையானது: எழுத்தை எழுத்தாகவே அனுப்பாதே, கோடாக மாற்றிவிடு. கோரல்டிராவைச் சார்ந்து வளர்ந்த தமிழ்நாட்டு டிடிபி தொழிலில் 'கர்வ் போடுவது' கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. ஃப்ளெக்ஸ் பதாகை, அழைப்பிதழ், நாட்காட்டி எதுவானாலும் எழுத்துரு இல்லாத இயந்திரத்திலும் அப்படியே வரும். இதன் நம்பகத்தன்மையை எவரும் மறுப்பதற்கில்லை.

விலை என்னவென்றால், அதன்பின் அது எழுத்து இல்லை. ஒரு எண்ணை மாற்றவேண்டுமென்றால் பழையதை அழித்துப் புதிதாக வரையவேண்டும். தேட முடியாது, படியெடுக்க முடியாது, பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. சிறிய அளவு எழுத்து திரையில் சற்றே தடித்துத் தெரியலாம். இந்தக் காரணங்களால் பல ஆய்விதழ்கள் நேர்மாறான விதியை வைத்திருக்கின்றன. படத்தில் எழுத்து திருத்தக்கூடியதாக இருக்கவேண்டும், கோடாக மாற்றக்கூடாது, ஏரியலோ ஹெல்வெட்டிகாவோ இருந்தால் நல்லது என்பது அவற்றின் கோரிக்கை. ஒரே படத்தை அச்சகத்துக்கும் ஆய்விதழுக்கும் அனுப்பும் ஒருவர் ஒரே கோப்பால் இருவரையும் நிறைவு செய்ய இயலாது. இது எவருடைய பிடிவாதமும் அல்ல. ஒருவருக்கு அந்தக் கோப்பு வேலையின் முடிவு, மற்றவருக்கு அதுவே தொடக்கம்.

தமிழில் சிக்கல் இரட்டிப்பாவது ஏன்

யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வைத்து இயங்கின. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பெரிதும் வழங்கிய பாமினியில் 'அம்மா' என்பதன் அடியில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். சிம்பலில் கண்ட ஆபத்து இங்கே ஓரிரு குறிகளோடு நிற்காமல் முழு உரைக்கும் பொருந்தும். எழுத்துரு மாறிய கணத்தில் தமிழ் முழுவதும் மறைந்து, பொருளற்ற ஆங்கிலக் கோவை எஞ்சுகிறது. 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் குறியேற்றங்கள் தரப்படுத்தப்பட்டன. டிஸ்கி என்ற குறியேற்றமும் வழக்கில் இருந்தது. பழைய கோப்பைத் திறப்பவர் எழுத்துருவை மட்டுமன்றி அது எந்தக் குறியேற்றம் என்பதையும் அறிந்திருக்கவேண்டும்.

யூனிகோட் இதைத் தீர்த்தது. ஆனால் பிடிஎஃப்பில் வேறொரு சிக்கல் தலைகாட்டுகிறது. 'கொ' என்பது யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியும். திரையில் வரையும்போது அது கொம்பு, ககரம், கால் என்று மூன்று உருவங்களாகப் பிரிகிறது. பிடிஎஃப் சேமிப்பது இந்த மூன்று உருவங்களையும் அவற்றின் இடங்களையும்தான். திருத்தும் மென்பொருள் இவற்றை இடமிருந்து வலமாக யூனிகோடுக்குத் திருப்பினால் முதலில் எகரக் குறி, பின்னர் 'கா' என்றாகிறது. சார்ந்து நிற்க மெய் இல்லாத எகரக் குறி ஒரு புள்ளிவட்டத்தின் அருகே தொங்குகிறது. உருவத்தை எழுத்தாக மாற்றும் அட்டவணை ஓர் உருவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளைத் தரமுடியும், ஆகவே 'கு', 'கூ' போன்றவை தப்பிக்கும். அடுத்தடுத்த உருவங்களின் வரிசையை மாற்ற அதனால் இயலாது. எனவே 'கெ', 'கே', 'கை', 'கொ', 'கோ', 'கௌ' வரிசைகள் எல்லாம் உடைகின்றன. உண்மையான எழுத்துத் தொடரைத் தனியே பதிவு செய்ய பிடிஎஃப்பில் வழி உண்டு. ஏற்றுமதி நிரல் அதை எழுதவும் வேண்டும், திறக்கும் நிரல் அதை மதிக்கவும் வேண்டும். இரண்டும் ஒருசேர அமைவதை நம்பியிருக்க முடியாது.

2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுடன் சேர்த்து ஏற்ற டேஸ்-16 குறியேற்றத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு. வரிசை மாறும் சிக்கலுக்கு அது கோட்பாட்டளவில் நல்ல விடை. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இயங்குவதால், மாற்று எழுத்துரு வந்த இடத்தில் கட்டங்கள் மட்டுமே தெரியும். மாற்றீட்டுச் சிக்கலைப் பொறுத்தவரை அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

திருத்துவதற்குப் பிடிஎஃப் ஏன்?

கடைசி நிலைப்பாடு கேள்வியையே மறுக்கிறது. பிடிஎஃப் முடிந்த வடிவம், மூலத்தைத் திருத்து என்கிறது. ஆர், பைத்தான் நிரலைத் திருத்தி மறுபடி ஓட்டினால் சிக்கலே எழாது. மூலத்துக்கும் பிடிஎஃப்புக்கும் பாலம் அமைக்கும் முயற்சிகளும் உண்டு. இல்லஸ்ட்ரேட்டர் தன் மூலத் தரவைப் பிடிஎஃப்புக்குள்ளேயே வைக்க ஒரு தெரிவு தருகிறது. லிப்ரே ஆஃபீஸ் மூல ஆவணத்தைப் பொதிந்த கலப்புப் பிடிஎஃப்பை உருவாக்கும். ஐபி என்ற வரைதல் கருவி பிடிஎஃப்பையே தன் சேமிப்பு வடிவமாகக் கொள்ளும். இன்க்ஸ்கேப், எழுத்துகளைப் படத்திலிருந்து பிரித்து லேடெக்ஸ் என்ற ஆவண அமைப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கவல்லது.

நெறியாகப் பார்த்தால் இந்த வாதமே வலுவானது. நடைமுறையில், மூல நிரல் ஆய்வாளரிடம் இருக்கிறது, திருத்துபவர் பதிப்பகத்தில் இருக்கிறார். ஆய்வாளர் வேறு நாட்டுக்குப் போயிருக்கலாம், பழைய நிரல் புதிய பதிப்பில் ஓடாமல் போகலாம். பிடிஎஃப் மட்டுமே எஞ்சிய படங்கள் ஏராளம். அவற்றைத் திருத்தாதே என்பது அறிவுரையாகலாம், தீர்வாகாது.

தீராமல் நிற்பவை

கிடைக்கும் சான்றுகளைப் பார்க்கையில், மாற்றீடு நிகழ்வதைவிட அது அறிவிப்பின்றி நிகழ்வதே பெரிய கேடு என்று தோன்றுகிறது. திறக்கும்போது எந்த எழுத்துரு உள்ளது, எது இல்லை என்று பட்டியலிட்டுப் பயனரின் முடிவைக் கேட்கும் போக்கு சில மென்பொருள்களில் வளர்ந்து வருவது நம்பிக்கை தருகிறது. ஒரே எழுத்துருவுக்குள் பல தடிமன்களை அடக்கும் மாறியல் எழுத்துருக்கள் 2016 முதல் வழக்கிற்கு வந்துள்ளன. பிடிஎஃப்பில் அவற்றின் ஒரு உறைந்த நிலையே சேர்கிறது. திருத்துபவரிடம் அதே நிலையை மீட்கும் பொதுவழி இன்னும் அமையவில்லை. உட்பொதிந்த எழுத்துருவைத் திருத்தப் பயன்படுத்துவது எந்த அளவுக்கு உரிமத்துக்குள் அடங்கும் என்பதும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. தமிழ் போன்ற எழுத்துகளுக்கு, உருவ வரிசையிலிருந்து எழுத்து வரிசையை மீட்கும் வேலை ஒவ்வொரு மென்பொருளின் அக்கறையைப் பொறுத்ததாகவே இருக்கிறது. தமிழ்க் கணிமையில் ஈடுபடுவோர் இதைப் பிழையறிக்கைகளாகவும் சோதனைக் கோப்புகளாகவும் அந்தந்தத் திட்டங்களுக்குத் தொடர்ந்து எடுத்துச்செல்லவேண்டும்.

அதுவரை வரைபடம் அனுப்புவோர் செய்யக்கூடியவை சில உண்டு. மூலக் கோப்பையும் எழுத்துருப் பெயர்களையும் பிடிஎஃப்புடன் சேர்த்து அனுப்புங்கள். கர்வ் போட்ட படியைத் தனியே வையுங்கள், அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்காதீர்கள். அனுப்புமுன் பாப்லர் தொகுப்பிலுள்ள பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டினால், எந்த எழுத்துரு உட்பொதிந்துள்ளது, எது இல்லை, எதற்கு யூனிகோட் அட்டவணை உண்டு என்பது வரிசையாகத் தெரியும். திருத்தி முடித்த படத்தில் வேறெதையும் சரிபார்க்க நேரமில்லை என்றாலும், மைக்ரோ குறி வரும் ஒவ்வோர் இடத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.